ஆகஸ்ட் முடியாத வீடு

கேட்பவர்கள் கேட்டபடியும் கேளாதவர்கள் அடுத்த வீட்டில் விசாரித்தபடியும் இருக்கட்டும். கோவில்பட்டியிலே ரயில்வே கேட்டுக்குத் தெற்கே, நகராட்சி மூன்று முறை பெயர் மாற்றியும் எல்லோரும் மாவுமில் தெரு என்றே சொல்லிக்கொண்டிருந்த தெருவிலே, கடலைமிட்டாய் கம்பெனியில் பொட்டலம் போடுகிற பேச்சித்தாய் என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஆவுடையப்பன் என்று ஒரு புருஷன், அபிநயா என்று ஒரே மகள், மகளைக் கட்டிக்கொடுத்த தூத்துக்குடியில் ராஜாமணி என்று ஒரு சம்பந்தி, அந்தச் சம்பந்தி வாயிலிருந்து "ஒத்தப் பிள்ளையப் பெத்தவுக, இதக்கூடவா செய்யமாட்டாக" என்ற சொல் ஒருநாளும் வந்துவிடக் கூடாது என்று ஒரு வைராக்கியம், இவ்வளவும் இருந்தன.

அந்த வருஷம் ஆடி கழிந்ததும் 'வாயுவேகம்' என்ற இன்டர்நெட் கம்பெனி தெருவுக்கு ஆள் அனுப்பியது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க வந்த அந்த ஆள், வீடு வீடாக நின்று ஒரே மூச்சில் ஒரே பாட்டைப் பாடினான். "சார், ஓட்டலுக்குப் போறீங்க, ரெண்டு இட்லி சாப்பிடுறீங்க, அம்பது இட்லிக்கு பில் போட்டா சும்மா விடுவீங்களா? இத்தன நாளா அதத்தான் சார் நாங்க செஞ்சுக்கிட்டிருந்தோம், எங்களுக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. இனிமே நீங்க எவ்வளவு பயன்படுத்துறீங்களோ அவ்வளவுக்குத்தான் கட்டணம். அளவு தாண்டுனா அபராதம் கிபராதம் எதுவும் கெடையாது சார். வேகம் மட்டும் லேசா குறையும். லேசா. உங்களுக்கே தெரியாது."

வாழ்நாள் முழுக்க ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் டிக்கெட் கிழித்த ஆவுடையப்பனுக்கு இது மிகவும் பிடித்துப் போயிற்று. "அப்படிச் சொல்லு. சாத்தூர்ல எறங்குறவன்கிட்ட மதுரைக்கு டிக்கெட் போடக் கூடாதுல்லா" என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டார்.

ஆவணியில் அபிநயாவுக்கு ஒன்பதாம் மாத வளைகாப்பு. டாக்டரம்மா பிரசவத்துக்கு அடுத்த வாரம் தேதி கொடுத்திருந்தாள். மாப்பிள்ளை கதிரேசன் சரக்குக் கப்பலில் ஏதோ ஒரு கடலில் இருந்ததால், விசேஷத்தை அவனுக்கு நேரலையில் காட்டுகிற பொறுப்பை ஆவுடையப்பன் ஏற்றுக்கொண்டு, வளையல் தட்டைக் காட்டி, ஏழு வகைச் சாதத்தையும் அண்டா அண்டாவாகக் காட்டி, வந்தவர்கள் ஒவ்வொருவரையும் "கொஞ்சம் முன்னால நகருங்க, பின்னால எடம் கெடக்கு பாருங்க" என்று பழைய தொழில் குரலில் அதட்டி நிறுத்திக் காட்டி, செருப்புக் குவியலையும் விட்டுவிடாமல் காட்டி முடித்தபோது, டிவிக்குக் கீழே இருந்த பெட்டியில் பச்சை விளக்கு அணைந்து மஞ்சள் விளக்கு எரிந்தது. மாதத்தின் அளவு தீர்ந்துவிட்டது. கம்பெனி சொன்ன சொல் தவறாமல் வேகத்தைக் குறைத்தது. வீடு மெதுவாகிவிட்டது.

வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்த பேச்சித்தாய் வந்து பார்த்தால், சுற்றுகிற மின்விசிறியில் இறக்கை இறக்கையாக எண்ணலாம் போலிருந்தது. உள்ளே போய், "சாப்பிட்ட தட்ட அப்படியே வச்சிருக்கியேடி" என்று மகளைக் கடிந்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தபோது தெருவில் மறுநாள் மத்தியானம். கடலைமிட்டாய் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. நாலைந்து தடவை இப்படி ஆன பிறகுதான் அவளுக்குக் கணக்குப் பிடிபட்டது: வெளியே ஒரு பகலும் ஒரு ராத்திரியும் கழிந்தால், உள்ளே ஒரு தம்ளர் காப்பி ஆறியிருக்கும்.

"இதுக்குப் போய் ஏன் தங்கச்சி பதறுத?" என்றார் எதிர்க்கடை மளிகை தங்கப்பழம் அண்ணாச்சி. அவர்தான் தெரு நலச் சங்கத்துக்குத் தலைவர். "எங்க வீட்லயும் போன மாசம் இப்படித்தான் மந்தமா இருந்துச்சு. பெட்டிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், சரியாப் போச்சு."

பேச்சித்தாய் உள்ளே போய் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாள். அதற்கு ரெண்டு நாள் சம்பளம் போயிற்று. மஞ்சள் விளக்கு மஞ்சளாகவே எரிந்தது.

கம்பெனிக்குப் போன் போட்டாள். "வாயுவேகத்திற்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம். தமிழில் தொடர எண் இரண்டை அழுத்தவும். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்று ஒரு குரல் தேன் வடித்து, புல்லாங்குழல் ஊதி, மறுபடி தேன் வடித்து, கடைசியில் ஒரு பெண் வந்தாள்.

"உங்க சிரமம் எனக்குப் புரியுது மேடம். செக் பண்ணிட்டேன் மேடம். இந்த மாசம் முடிஞ்சதும் தானாவே பழைய வேகத்துக்கு வந்துரும் மேடம்."

"மாசம் முடிஞ்சு பத்து நாளாச்சேம்மா. புரட்டாசி பொறக்கப் போகுது."

"உங்களுக்கு முடிஞ்சிருக்கும் மேடம். மீட்டர் உங்க வீட்டுக்குள்ளதான இருக்கு? மீட்டர்ல இன்னும் ஆகஸ்ட்தான் காட்டுது மேடம்."

"வீடு மெதுவா இருக்கதாலதான தாயி மாசம் முடிய மாட்டேங்கு?"

"கரெக்ட் மேடம். மாசம் முடிஞ்சதும் சரியாயிரும் மேடம்."

கூடுதல் அளவு வாங்கிக்கொள்கிறேன் என்றாள். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் செல்லுக்கு ஒரு எண் வரும், அதைச் சொன்னால் போதும் என்றார்கள். அந்தச் செல் ஆவுடையப்பனின் சட்டைப் பையில் இருந்தது, அவர் விரல் வைத்தால்தான் திறக்கும், ஆவுடையப்பன் விருந்து முடிந்த அசதியில் உள்ளே கட்டிலில் படுத்துவிட்டிருந்தார், எண் பாதி இலக்கம் தெரிவதற்குள் கெடு முடிந்து செத்துப்போயிற்று. சரி, இணைப்பே வேண்டாம், அறுத்துவிடுங்கள் என்றாள். "கண்டிப்பா மேடம். துண்டிப்பு வேண்டுகோள் மாசக் கடைசியில அமலுக்கு வரும் மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?" என்றாள் அந்தப் பெண், குரலில் ஒரு சுருக்கம்கூட விழாமல்.

மகளை எழுப்பி வேறு வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கலாம். அதைத் தெருவில் யாரும் சொல்லாமலும் இல்லை. ஆனால் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் ஆக வேண்டும். வளைகாப்புக்கு அழைத்து வந்த பெண்ணை அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்தால் ராஜாமணி என்ன சொல்லுவாள் என்பது பேச்சித்தாய்க்கு ராஜாமணியின் குரலிலேயே, அவள் மூக்குத்தியின் மினுக்கத்தோடு, காதுக்குள் கேட்டது. அதனால் மகள் உள்ளே உறங்க, தாய் வெளியே இருந்து வேலைக்குப் போய்வந்து, மாவுமில் மாடி அறையில் பாய் விரித்துக்கொண்டு, ஜன்னல் வழியாக மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அபிநயா இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் புரண்டு படுக்க ஒரு பகல் முழுவதும் ஆனது. வயிற்றுக்குள் பிள்ளை உதைப்பது சேலைக்கு மேல் ஒரு மேடு போல எழும்பி, சாயங்காலம் வரை நின்று, மெல்ல அடங்கியது.

தெரு அதற்குள் அந்த வீட்டுக்கு ஒரு பயனைக் கண்டுபிடித்துவிட்டது.

முதலில் தங்கப்பழம் அண்ணாச்சியின் சம்சாரம், கரண்ட் இல்லாத ஒரு நாளில், புளித்துவிடுமே என்று மாவுச் சட்டியை ஜன்னல் வழியாக உள்ளே வைத்தாள். மாவு பத்து நாள் கழித்தும் இப்போதுதான் ஆட்டியது போல இருந்தது. அதற்குப் பிறகு சட்டிமேல் சட்டி. பூக்காரம்மா மல்லிகைப் பந்தை வைத்தாள். அசைவக்காரர்கள் மீனை வைத்தார்கள், சைவக்காரர்கள் அதை எதிர்த்துத் தயிரை வைத்தார்கள், சங்கம் கூடி மீனுக்குக் கொல்லைப்புற ஜன்னல், தயிருக்குத் தெருப்பக்க ஜன்னல் என்று தீர்மானம் போட்டது. தினமும் கையை உள்ளே விட்டு எடுத்ததில் தெருப் பெண்களுக்கு வலது கை நகம் மட்டும் வளராமல் போக, ஒரு கைக்கு மட்டும் மருதாணி போதும் என்று ஒரு புது நாகரிகம் கிளம்பியது. பரீட்சைக்குப் படிக்காதவர்கள் ஜன்னலுக்குள் தலையை விட்டுப் படித்துப் பார்த்தார்கள். வெளியே எடுத்தபோது பரீட்சை முடிந்திருந்தது. பதவிக்காலம் முடியப்போகிற கவுன்சிலர் ஒருவர் தன் நாற்காலியைக் கொண்டுவந்து உள்ளே போட்டுக்கொள்ளலாமா என்று சங்கத்துக்கு மனுக் கொடுத்தார். கம்பெனியிலிருந்தும் ஒரு குறுஞ்செய்தி வந்தது: 'அன்பான வாடிக்கையாளரே, வீட்டு உபயோகத்திற்காக வழங்கப்பட்ட குறைவேகத்தை வணிக நோக்கில் பயன்படுத்துவது விதிமீறல்.'

பேச்சித்தாய்க்கும் அந்த நாட்களில் ஒரு மதிப்பு வந்திருந்தது. தண்ணீர் லாரியில் அவள் குடம்தான் முதல் குடம். கோயில் கொடை விழாவில் அவளுக்கு முன்வரிசை. "ஒன் வீடு தெருவுக்கே ஃப்ரிஜ்ஜு தங்கச்சி" என்று அண்ணாச்சி ஒலிபெருக்கியில் சொன்னபோது அவளுக்குக் கூச்சமாகவும் இருந்தது, இனிக்கவும் செய்தது. தூத்துக்குடியிலிருந்து போன் வரும்போதெல்லாம் மட்டும் இனிப்பு இறங்கிவிடும்.

"என்ன மதினி, ஒண்ணும் சேதியக் காணும்?"

"வரும் மதினி. எங்க பக்கம் பிள்ளைக கொஞ்சம் நிதானமாத்தான் வரும்."

"நிதானமாவா? மதினி, பஸ்ஸா வருது?"

புரட்டாசி போயிற்று. ஐப்பசியில் தீபாவளி வெடித்தது. கார்த்திகையில் விளக்கு வைத்தார்கள். பதினொன்றாம் மாதம் பிறந்து, பன்னிரண்டாம் மாதமும் எட்டிப் பார்த்தபோது ராஜாமணி போன் செய்யவில்லை; நேரே வாடகைக் காரில் வந்து இறங்கினாள்.

"என் வீட்டு வாரிச என்ன ஊறுகாயா போட்டு வச்சிருக்கீக?" என்று தெருமுனையிலேயே ஆரம்பித்தாள். "ஒத்தப் பிள்ளையப் பெத்தவுக, ஒரு பிரசவம் பாக்கத் தெரியல. நான் கூட்டிட்டுப் போறேன். எங்க ஊர்ல பத்து மாசம்னா பத்து மாசம்."

இதோ, அந்தச் சொல் வந்தேவிட்டது. இத்தனை நாள் பயந்த சொல் வந்து விழுந்த பிறகு பேச்சித்தாய்க்கு அது அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. ஜன்னலுக்குள் பார்த்தாள், மகள் அப்போதுதான் எழுந்து உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள், அந்தக் கொட்டாவி முந்தாநாள் தொடங்கியது.

"கூட்டிட்டுப் போங்க மதினி" என்றாள். "ஒங்க வீட்லயே பொறக்கட்டும். ஆனா ஒண்ணு. உள்ள போனதும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு உடனே வெளிய வந்துருங்க. உக்காராதீக. பேசாதீக."

"ஏன், நான் என்ன உக்காந்து விருந்து சாப்பிடவா வந்தேன்?" என்று சொல்லிக்கொண்டே ராஜாமணி உள்ளே போனாள்.

ராஜாமணி கெட்டவள் இல்லை; மரியாதை தெரிந்தவள். கெடுத்தது அதுதான். தூங்கி எழுந்த ஆவுடையப்பன் சம்பந்தியைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க வாங்க, ஒரு வாய் காப்பி குடிக்காமப் போகக் கூடாது" என்றார். காப்பி குடிக்காமல் போவது எப்படி? பால் பொங்கி வர ஒரு நாள் பிடித்தது. காப்பி குடித்த வாயோடு எழுந்தால் நன்றாக இராது என்று ராஜாமணி கொஞ்ச நேரம் வளைகாப்புச் சேலையின் நிறத்தைப் பற்றிப் பேசினாள். அதில் ஒரு வாரம். வந்த இடத்தில் குங்குமம் எடுத்துக்கொள்ள ஒரு நாள். அபிநயா பையில் துணி எடுத்து வைக்க நாலு நாள். எல்லாம் முடிந்து மூவரும் வாசற்படிக்கு வந்தபோது தெரு நிம்மதிப் பெருமூச்சு விட்டது, விட்டது தப்பு. வாசற்படியில் நின்றுதான் நம்மவர்களுக்கு முக்கியமான விஷயமெல்லாம் ஞாபகம் வரும்.

"அப்போ வரட்டுமா" என்று ராஜாமணி தொடங்கினாள். மார்கழி பிறந்தது. பெண்கள் விடியலில் கோலம் போட்டுவிட்டு வந்து பார்த்தால் அவள் "கொழுந்தன் மகளுக்கு" என்பதில் நின்றுகொண்டிருந்தாள். மறுநாள் வந்து பார்த்தால் அந்தக் கொழுந்தன் மகளுக்கு ஒரு மாப்பிள்ளை வந்திருந்தான். ஒருவழியாகப் பேச்சு ஓய்ந்து, மறுபடி "அப்போ வரட்டுமா" என்று ராஜாமணி வலது காலைத் தூக்கியபோது, முப்பது வருஷம் பஸ்ஸில் நின்ற ஆவுடையப்பனின் வாய், எஜமானனைக் கேட்காமலே, "எங்க போகணும்?" என்று கேட்டுவிட்டது.

கிளம்புகிறவர்களை எங்கே போகிறீர்கள் என்று கேட்கலாமா? நிறைசூலியைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிற நேரத்திலா? ராஜாமணியின் முகம் மூன்று மணி நேரத்தில் கறுத்தது. தூக்கிய காலைப் பின்னால் வைத்தாள். சகுனத் தடைக்குப் பரிகாரமாக மூவரும் திரும்பிப் போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, தண்ணீர் மட்டும் கொடுத்து அனுப்புவதா என்று ஆவுடையப்பன் மறுபடி அடுப்பில் பாலை வைத்தார்.

"சோலி முடிஞ்சது" என்றார் தங்கப்பழம் அண்ணாச்சி, அவ்வளவு துக்கமில்லாமல். அவருடைய சம்சாரம் பொங்கலுக்கு வேண்டிய மாவை அன்று காலைதான் உள்ளே வைத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கதிரேசன் விடுமுறையில் வந்தான். தூத்துக்குடி வீடு பூட்டியிருந்தது. சாவி ராஜாமணியின் இடுப்பில் இருந்தது. ராஜாமணி இங்கே இருந்தாள். பெட்டியோடு வந்தவன் நேரே வீட்டுக்குள் நுழையப் போக, பேச்சித்தாய் குறுக்கே விழுந்து மறித்தாள்.

"உள்ள போகாதீக மாப்பிள. 'எப்ப வந்தே, எளச்சுப் போயிட்டியே'ன்னு ஒங்க அம்மா கேட்டு முடிக்குமுன்ன ஒங்க லீவு முடிஞ்சிரும்."

"அப்ப நான் என்ன அத்தை செய்யிறது? தை மூணாம் வாரம் கப்பல் ஏறணும். விட்டா அடுத்த வருஷம்தான்."

செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் அவன் ஜன்னலோரம் முக்காலி போட்டு உட்கார்ந்து, கையை மட்டும் உள்ளே விட்டு அபிநயாவின் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தான். அவன் தொட்டது அவளுக்குத் தெரிந்து, அவள் திரும்பி, அவனைப் பார்த்து, ஒரு சிரிப்பு உதட்டில் தொடங்கியது. மார்கழிக் கடைசியில்தான் அது கண்ணுக்கு ஏறியது. பேச்சித்தாய் அதைப் பார்த்தாள். வயிற்று மேட்டைப் பார்த்தாள். இந்தக் குழந்தைக்கும் அதன் அப்பனுக்கும் நடுவில் நிற்பது ரெண்டு தம்ளர் காப்பியும் கொஞ்சம் மரியாதையும்தான் என்பதைப் பார்த்தாள். மரியாதையைக் கையில் எடுத்தாள்.

மூவரும் இரண்டாம் தடவை வாசற்படிக்கு வந்தார்கள். ராஜாமணியின் வாய் 'அ' என்று திறந்த அன்று காலையில், பேச்சித்தாய் வெளியே நின்றபடியே வலது கையை நிலைக்குள் நீட்டினாள். கை போய் மகள் மணிக்கட்டைச் சேர மத்தியானம் ஆயிற்று. விரல்கள் மூட சாயங்காலம் ஆயிற்று. பிறகு இழுத்தாள். போகியன்று பழைய பாயெல்லாம் எரிய, பொங்கலன்று பானையெல்லாம் பொங்க, மாட்டுப் பொங்கலன்று கொம்புக்குக் கலர் அடித்த மாடுகள் அவளைச் சுற்றிக்கொண்டு போக, அவள் இழுத்துக்கொண்டே நின்றாள். தெருப் பெண்கள் அவள் இடது கையில் கரும்பைக் கொடுத்தார்கள், வாயில் பொங்கலை ஊட்டினார்கள், பூக்காரம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அண்ணாச்சி வந்து, "தங்கச்சி, சம்பந்தியம்மா பேசிக்கிட்டிருக்கும்போதே இழுத்தா மரியாதையா இருக்குமா? சங்கத்தக் கூட்டி..." என்று தொடங்க, "அண்ணாச்சி, நான் இழுத்து முடிச்சதும் ஒங்க சட்டிய எடுத்துக்கிட்டு நீங்களும் உள்ள போய் ஒக்காந்து பேசுங்க" என்றாள்.

மறுநாள் காலை அபிநயா வெளியே வந்து விழுந்தாள். தாயின் மேலேயே விழுந்தாள்.

"என்னம்மா நீ, அத்தைட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வரக்கூட விட மாட்டியா? என்ன நெனைப்பாக?" என்று கோபமாக எழுந்தவள், தாடியோடு நிற்கிற கதிரேசனைப் பார்த்து, "இப்பத்தான ஜன்னல்ல கண்டேன். நீங்க எப்ப வந்தீக?" என்றாள்.

"மார்கழியிலேயே வந்துட்டேன்."

"மார்கழியா? இப்ப என்ன மாசம்?"

"தை" என்றது தெரு, கோரஸாக.

தாய்வீட்டில் பிறக்கவில்லை, மாமியார் வீட்டில் பிறக்கவில்லை. மாவுமில் மாடி அறையில், கீழே பெல்ட் ஓடுகிற அதிர்வில் தட்டுமுட்டெல்லாம் நடுங்கிக்கொண்டிருக்க, அபிநயாவுக்கு நாட்கள் மற்ற எல்லோருக்கும் போலவே ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. திங்கள் முடிந்து செவ்வாய் வந்ததையே அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். வலி வர வேண்டிய நாளில் வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தாள். கதிரேசன் அவளைக் கையில் வாங்கி, முகர்ந்து, திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் கொடுத்து, அன்று சாயங்காலமே கப்பலுக்குப் பஸ் ஏறினான்.

குழந்தையைத் தெருவுக்குக் கொண்டுவந்தபோது சங்கம் வரவேற்புக்கு நின்றது. அண்ணாச்சி ஆரத்தித் தட்டோடு முன்னால் வந்தார். "என்ன இருந்தாலும் தாய்வீடு தாய்வீடுதான் தங்கச்சி. பிள்ளைய உள்ள கொண்டுபோய் ஒரு நிமிஷம் கெடத்தி எடுத்துருவோம். முறைன்னு ஒண்ணு இருக்குல்லா. பேப்பர்க்காரகளையும் வரச் சொல்லியிருக்கேன்."

பேச்சித்தாய் தன் வீட்டு வாசலில் பேத்தியோடு நின்றாள். நிலைக்குள்ளே ஆவுடையப்பனும் ராஜாமணியும் நின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற மருமகள் அங்கே இல்லை என்பது ராஜாமணியின் புருவத்தில் அப்போதுதான் ஏற ஆரம்பித்திருந்தது. அவர்களுக்குப் பின்னால், இன்னும் முடியாத ஆகஸ்ட் மாதத்தில், மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கையில் குழந்தை கொட்டாவி விட்டாள், தும்மினாள், சிவந்தாள், சேலையை நனைத்தாள், ஒன்றுக்கு அடுத்து ஒன்றாக, யாரையும் காக்க வைக்காமல்.

"அவுக பேசி முடிச்சுட்டே வரட்டும் அண்ணாச்சி" என்று பேச்சித்தாய் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு மாவுமில்லைப் பார்த்துத் திரும்பினாள். "அதுக்குள்ள இவ பல்லு மொளச்சு, நடந்து, பேசப் படிச்சிருவா. ஏன் சொல்லாமக் கொள்ளாமப் போனீகன்னு வந்து கேக்கட்டும். இவளே பதில் சொல்லிக்கிடுவா."